பன்னிரண்டு சைக்கிள்களும் ஒரு சான்றும்

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் போன மாதம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ஏதோ ஒரு நாட்டுச் சிப்பாய்கள் மின்சார சைக்கிளில் சத்தமில்லாமல் காட்டுக்குள் போகிறார்கள். "சார், நீங்க அந்தக் காலத்துலயே சைக்கிள் படையில இருந்தவராமே! வர்ற ஆகஸ்ட் பதினஞ்சுக்கு நீங்கதான் கொடியேத்தணும். போர்க்கள அனுபவம் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார்.

தகவல் கொடுத்தது என் மனைவி. என்னைப் பற்றி அவள் வெளியில் பெருமையாகச் சொல்லும் விஷயங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, நான் சர்க்கரை போடாமல் காபி குடிப்பது. இன்னொன்று இந்தப் படை. இரண்டிலுமே பாதிதான் உண்மை. படையில் இருந்தேன் என்பது சரி. ஆனால் நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. என் கையில் இருந்தது சக்கரக் கம்பியைத் திருகும் சாவி. கொடியேற்றுவதற்கு முன்னால் அந்தப் படை எப்படிப்பட்டது, அதில் நான் என்ன செய்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். படித்த பிறகும் கூப்பிட்டால் வருகிறேன்.

சென்னைக்கு வெளியே ஒரு சைக்கிள் தொழிற்சாலையில் எட்டு வருஷம் சக்கரக் கோணல் எடுத்தேன். அந்த எட்டு வருஷத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், வளைகுடாவுக்கு சைக்கிள் ஃபிட்டர் வேண்டும் என்று ஆள் எடுக்கிறவர் வந்தார். பெட்ரோல் ஊற்றெடுக்கும் ஊரில் சைக்கிள் யார் மிதிப்பார் என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சம்பளத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

போய் இறங்கிய இடம் வடக்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன அமீரகம். பெயர் வேண்டாம். அதற்கென்று அப்போது ஒரு சின்னப் படை இருந்தது. கம்பி வேலி, பத்துப் பன்னிரண்டு கட்டடங்கள், ஒரு கொடிக் கம்பம், இரண்டு பழைய லேண்ட் ரோவர்கள். இரண்டில் ஒன்று எப்போதும் படுத்திருக்கும். கேம்ப் வாசலில் கேன்டீன் வைத்திருந்தவர் காயல்பட்டினத்துச் செய்யது காக்கா. முதல் நாள் டீ கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, இங்கெ ஒட்டகப் படை ஈக்குது. பன்னெண்டு ஒட்டகம். நல்லாத்தான் ஓடுது. இப்ப புதுசா வந்த மேஜர் அதெ எடுத்துட்டு சைக்கிள் படை வைக்கணும்ங்கிறாரு. நீங்க வந்தது அதுக்குத்தான். ஒட்டகக்காரங்ககிட்ட கொஞ்சம் பாத்துப் பேசுங்கோ."

மேஜர் ஒப்பந்தத்தில் வந்த வெள்ளைக்காரர். நெட்டையானவர், நல்லவர், ஒருவரையும் திட்டமாட்டார். மற்ற அதிகாரிகள் கக்கத்தில் பிரம்பு வைத்திருப்பார்கள். இவர் சைக்கிள் பம்பு வைத்திருந்தார். இவருடைய பாட்டனார் குதிரைப் படையில் இருந்தவராம். பாட்டனார் விட்டுப்போன ஒரு கையேடு இவரிடம் இருந்தது. குதிரையில் ஏறிப் போய், இறங்கி நின்று சுடுகிற காலாட்படைக்கு எழுதப்பட்டது. மேஜர் அதில் குதிரை என்று வந்த இடமெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு சைக்கிள் என்று எழுதியிருந்தார். எங்கள் படை அந்தப் பென்சில் எழுத்தின்படி நடந்தது.

அதனால் சிப்பாய் தன் சைக்கிளின் இடதுபுறத்தில்தான் நிற்க வேண்டும். ஏறுவதற்கு நான்கு அசைவுகள், ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கட்டளை. மாலை நாலு மணிக்கு லாய நேரம்; எல்லோரும் வரிசையாக நின்று சைக்கிளைத் துடைப்பார்கள். மேஜர் ஒவ்வொன்றாகப் பின்சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பார், குதிரைக் குளம்பைப் பார்க்கிற பாவனையில். ஒரு சைக்கிளுக்கு பிரேக் பிடிக்கவில்லை என்றால் அதை மிதித்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வரக்கூடாது. நோயுற்ற சைக்கிளை நடத்தித்தான் கூட்டிவர வேண்டும். என் ஷெட் வாசலில் 'மருத்துவமனை' என்று பலகை மாட்டச் சொன்னார். எனக்குப் பலகையில் ஆட்சேபம் இல்லை. சாயங்காலம் சிப்பாய்கள் தலைவலிக்கு மாத்திரை கேட்டு வந்ததுதான் தொல்லை.

இதில் மகுடம் எதுவென்றால், பிடிப்பவர் ஏற்பாடு. குதிரையிலிருந்து இறங்கிச் சுடும்போது குதிரைகள் மிரண்டு ஓடாமல் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டுமல்லவா? அதனால் நாலு பேரில் ஒருவர் நாலு குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார், மூன்று பேர் சுடுவார்கள். எங்கள் படையிலும் நாலு பேரில் ஒருவர் நாலு சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். சைக்கிள் ஓடிப்போகாது சார், ஸ்டாண்டு இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். மேஜர் என்னைப் பரிவோடு பார்த்தார். "நீ இன்னும் சண்டையைப் பார்த்ததில்லை" என்றார். அவர் பார்த்திருந்தாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஒட்டகப் பிரிவில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. அதற்குத் தலைவர் சாலிம். அந்த மண்ணுக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், பதினாலு வருஷ சர்வீஸ். அவர் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுப்பார். பன்னிரண்டு ஒட்டகங்களும் மண்டியிடும். முன்னங்காலை மடக்கி முழங்காலில் ஒரு கயிறு. பிடிக்க ஆளே வேண்டாம். பன்னிரண்டு பேரும் சுடலாம். சாலிம் தினமும் மாலையில் என் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து நான் பங்க்சர் ஒட்டுவதைப் பார்ப்பார். நாங்கள் பேசிக்கொண்டது பாதி அரபி, பாதி இந்தி. என்னை அவர் 'சைக்கிள்' என்றே கூப்பிடுவார். அவர் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

"யா சைக்கிள், மேஜர் சொல்றாரு, சைக்கிளுக்குத் தீனி மாஃபி, தண்ணி மாஃபி, காத்து மட்டும் போதும்னு. அப்ப எதுக்குத் தினம் நாலு வாளித் தண்ணி எடுத்துட்டுப் போறே?"

பங்க்சர் எங்கே என்று பார்க்க டியூபைத் தண்ணீரில் அமுக்கித்தானே ஆகவேண்டும், குமிழி வரவேண்டுமே என்று செய்து காட்டினேன். சாலிம் குமிழியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "என் ஒட்டகம் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் குடிக்குது" என்று மட்டும் சொன்னார். அந்த ஊரில் கருவேலம் மாதிரி ஒரு முள்மரம் உண்டு. அதன் முள் டயருக்குள் போவதற்கென்றே பிறந்தது. ஒட்டுப் போட்டால் நண்பகல் வெயிலில் பசை இளகி, ஒட்டு தன் இடத்தைவிட்டு மெல்ல நகர்ந்துவிடும். சங்கிலிக்கு எண்ணெய் போடச் சொல்கிறது கையேடு. போட்டால் மணல் ஒட்டி சங்கிலியையே அரைத்துவிடும். மேஜர் முன்னால் எண்ணெய் போட்டு, அவர் போனதும் துடைத்துவிடுவேன். இரண்டு வேலையும் என்னுடையதுதான்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. இப்படியே சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆட்சியாளர் மாளிகையிலிருந்து ஓலை வந்தது: ஒட்டகம், சைக்கிள் இரண்டில் ஒன்றுதான் இனி இருக்கும், எது நல்லது என்று பரீட்சை வைத்துச் சொல்லவும். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் குறித்தார்கள். இரண்டு பிரிவும் காலைத் தொழுகை முடிந்ததும் கேம்ப்பிலிருந்து கிளம்ப வேண்டும். இருபத்திரண்டு மைலுக்கு அப்பால் பாலைவனத்தில் ஒரு பழைய காவல் கோபுரம். ஆட்சியாளரின் சிற்றப்பா மகன் அங்கே கூடாரம் போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். முதலில் வந்து நிலை எடுக்கும் பிரிவு இனி இருக்கும். மற்றது கலாஸ்.

எனக்கு இது வேடிக்கை இல்லை. சைக்கிள் தோற்றால் என் விசா அன்றைக்கே போய்விடும். கல்யாணமாகி மூன்று வருஷம். அதில் மனைவியோடு இருந்தது நாற்பது நாள். குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி கிடைத்து, ஜூனில் அவள் வருவதாக இருந்தது. ஒரு அறையும் பார்த்து, ஜன்னலுக்குத் திரையும் வாங்கியிருந்தேன். சாலிமுக்கும் வேடிக்கை இல்லை. ஒட்டகத்தைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. ஆனால் பரீட்சைக்கு முந்தின மாலையும் அவர் வழக்கம் போல என் வாசலில் வந்து உட்கார்ந்து, எல்லா டயரிலும் காற்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

சைக்கிள் பிரிவில் பன்னிரண்டு பேர். அதில் மேஜர் ஒருவர், ஃபிட்டர் என்ற முறையில் நான் ஒருவன். முதல் பத்து மைல் கெட்டியான சரளைத் தரை. நிஜமாகச் சொல்கிறேன், பறந்தோம். தூசி இல்லை, சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால், சரளையில் பாதம் நோகாமல் மணலோரமாகச் சுற்றி வந்த ஒட்டகங்கள் அடிவானத்தில் எறும்பு மாதிரித் தெரிந்தன. மேஜர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் எனக்கே அவர் சொல்வது சரிதான் போலிருக்கிறது என்று தோன்றியது.

அப்புறம் முள்மரங்கள் வந்தன. கால் மணி நேரத்தில் ஒன்பது சைக்கிள் உட்கார்ந்துவிட்டது. பங்க்சர் பார்க்கத் தண்ணீர் வேண்டும். டியூபைக் கன்னத்தருகே வைத்தாலே காற்று எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும் என்றேன். மேஜர் கையேட்டைச் சொன்னார். சிப்பாய்களின் குடிதண்ணீரைத் தகரத்தில் ஊற்றி, அதில் டியூபை அமுக்கினோம். ஒன்பதையும் ஒட்டி முடித்தபோது தண்ணீர் சேறாகியிருந்தது, மணி பத்தரை ஆகியிருந்தது. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஒட்டுகள் நகர ஆரம்பித்தன. அதற்குப் பிறகு மணல். மணலில் சைக்கிளை மிதிக்க முடியாது, தள்ளவும் முடியாது. தோளில்தான் தூக்க வேண்டும். சிப்பாய்களுக்கு ஒரு கையில் துப்பாக்கி, தோளில் சைக்கிள், தலைக்கு மேல் வெயில். இரண்டாவது மேட்டில் ஒரு சிப்பாய் சைக்கிளோடு விழுந்தான். கண் செருகிவிட்டது. எங்களிடம் ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. நான் நிஜமாகவே பயந்துபோனேன்.

ஒட்டகங்கள் வந்தன. சாலிம் அப்படியே தாண்டிப் போயிருக்கலாம். போயிருந்தால் அவர் வேலை நிலைத்திருக்கும். அவர் நாக்கைச் சுழற்றினார், பன்னிரண்டும் மண்டியிட்டன. தோல் பையிலிருந்து விழுந்தவனுக்குத் தண்ணீர் புகட்டினார். முகத்தில் தெளித்தார். பிறகு எல்லோருக்கும் பை கைமாறியது, மேஜருக்கும்தான்.

"சாலிம், நீங்க போயிருக்கலாமே. போட்டியாச்சே" என்றேன் நான் மெதுவாக.

"போட்டி அங்கே கோபுரத்துல. இது வழி" என்றார் அவர்.

ஒரு ஒட்டகத்துக்கு ஒரு சைக்கிள், ஒரு ஆள். அப்படித்தான் நாங்கள் மிச்ச மணலைக் கடந்தோம். நான் சாலிமுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நடுநடுவே ஒட்டகங்களை நிறுத்தச் சொல்லி, டியூப்களைக் கழற்றி, கன்னத்தில் வைத்துப் பார்த்து ஒட்டினேன். இந்த முறை மேஜர் கையேட்டைச் சொல்லவில்லை. நான் செய்த வேலைகளிலேயே நல்ல வேலை அதுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் பெருமைப்படவா, தலைகுனியவா என்று தெரியவில்லை.

கடைசி மேட்டின் உச்சிக்கு முன்னால் மேஜர் கை காட்டினார். மேட்டுக்கு அந்தப் பக்கம் கோபுரம் வரைக்கும் கெட்டியான சரிவு. "இறங்குங்கள். ஏறுங்கள்" என்றார். ஒட்டகத்திலிருந்து இறங்கி நாலு அசைவில் சைக்கிளில் ஏறினோம். சாலிம் சேணத்தை இறுக்குகிறவர் மாதிரிக் குனிந்துகொண்டார். சரிவில் பன்னிரண்டு சைக்கிளும் மணியடித்துக்கொண்டு இறங்கின. கூடாரத்தில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஒன்பது பேர் படுத்து நிலை எடுத்தார்கள். மூன்று பேர் சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த மூன்று பேரில் நானும் ஒருவன். என் கையில் நாலு சைக்கிள் இருந்தபோதுதான் ஒட்டகங்கள் ஆடி அசைந்து மேட்டில் தெரிந்தன.

மறுநாள் மேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் அவர் எழுதிய அறிக்கை இருந்தது. அதோடு ஃபிட்டரின் சான்று ஒன்று போக வேண்டும்: பன்னிரண்டு சைக்கிள்களும் நல்ல நிலையில், தம் சொந்தச் சக்கரங்களில் கோபுரத்தை அடைந்தன. கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"சார், நடுவில் ஒட்டகம்..." என்று ஆரம்பித்தேன்.

மேஜர் பொய் சொல்கிறவர் அல்ல. அதுதான் கஷ்டம். அவர் பொறுமையாக விளக்கினார். "படை ஓர் ஆற்றைப் பாலத்தின் மேல் கடக்கிறது. அப்புறம் சண்டையில் ஜெயிக்கிறது. பாலம் ஜெயித்தது என்று யாராவது சொல்வார்களா? அந்த இடத்தில் ஒட்டகம் ஒரு பாலம். கோபுரத்தை அடைந்தபோது சக்கரம் தரையில் இருந்ததா, இல்லையா?"

"இருந்தது, சார்."

"அதைத்தான் கேட்கிறேன்."

ஜூன் மாதம் கண்முன் வந்தது. ஜன்னல் திரை வந்தது. கையெழுத்துப் போட்டேன். பேனாவை மேஜரே மூடி வைத்துக்கொண்டார்.

ஒட்டகப் பிரிவு கலைக்கப்பட்டது. ஒட்டகங்களை ஏலம் விட்டார்கள். வாங்க ஆளில்லாமல் சாலிமே தன்னுடையதையும் இன்னும் சிலவற்றையும் கிடைத்த விலைக்கு எடுத்துக்கொண்டார். போகிற அன்று என் மருத்துவமனை வாசலுக்கு வந்தார். அன்றைக்கு உட்காரவில்லை.

"நீதான் எழுதிக் கொடுத்தியா?"

"ஆமா."

"தமாம்" என்றார், நல்லது என்கிற மாதிரி. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அன்று முழுக்க ஒரு சக்கரத்தின் கோணலை எடுத்தேன், அது நேராக வரவே இல்லை.

மனைவி ஜூனில் வந்தாள். திரை அவளுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் புது லேண்ட் ரோவர்கள் வந்தன. கொஞ்ச வருஷத்தில் அமீரகங்களின் சின்னப் படைகளெல்லாம் ஒரே தலைமைக்குக் கீழே போயின. மேஜர் கையேட்டையும் பம்பையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். கடைசி நாளன்று, "நாம் கோபுரத்தைப் பிடித்தோம், இல்லையா?" என்று கேட்டார். பிடித்தோம் சார் என்றேன். சைக்கிள்களை ஏலத்தில் செய்யது காக்கா எடுத்தார். மலையில் கல்லுடைக்கும் இடங்களில் வேலை பார்க்கிற நம்மாட்கள் வாங்குவார்கள் என்று கடை போட்டார். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, சைக்கிள் ஈக்குது, கடை ஈக்குது, ஃபிட்டருக்கு நீங்க ஈக்கியோ. விசாவுக்குப் பொறுப்பேத்துக் கையெழுத்துப் போட கஃபீல் ஒருத்தர் வேணும். உள்ளூர்க்காரர் ஒருத்தர்கிட்டெ பேசிட்டேன். ஒட்டகப் பந்தயத்துல நல்லா வந்துட்டாரு. நாளைக்குப் போயிக் கையெழுத்து வாங்கிருவோம்."

கதவைத் திறந்தது சாலிம். முற்றத்தில் ஒட்டகங்கள். அன்று வாங்க ஆளில்லாத ஒட்டகங்களின் குட்டிகளுக்கு இப்போது பெரிய பெரிய வீடுகளிலிருந்து ஆள் வந்து நிற்கிறதாம். காப்பி கொடுத்தார். என் விசா தாளை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, என்னைப் பார்த்தார்.

"யா சைக்கிள், அன்னிக்குக் கோபுரத்துக்கு சைக்கிளெல்லாம் எப்படி வந்துச்சு?"

காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். செய்யது காக்கா ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒட்டகத்து மேல வந்துச்சு" என்றேன்.

சாலிம் கையெழுத்துப் போட்டார்.

இருபத்திரண்டு வருஷம் அவர்தான் என் கஃபீல். ஒவ்வொரு முறை விசா புதுப்பிக்கும்போதும் காப்பி வரும், பேனா திறக்கும், அதே கேள்வி வரும். நானும் அதே பதிலைச் சொல்வேன். கையெழுத்து விழும். பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கஃபீல்களைப் பற்றி ஊரில் பேச்சு அடிபடும்போதெல்லாம் நான் வாயைத் திறக்கமாட்டேன். என்னுடைய கஃபீல் பிடித்து வைத்திருந்தது ஒரே ஒரு வாக்கியத்தை.

கடைசியாக விசா ரத்துக்குக் கையெழுத்து வாங்கப் போனேன். பதிலை நாக்கில் தயாராக வைத்திருந்தேன். சாலிம் காப்பி கொடுத்தார், தாளை வாங்கினார், கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இந்தத் தடவை கேக்கலையே?" என்றேன்.

"எதுக்கு? இத்தனை வருஷமா உண்மையைத்தான் சொன்னே. ஆனா யாருகிட்ட சொன்னே? எங்கிட்ட. எனக்குத் தெரியாதா, நான்தானே கூட்டிட்டு வந்தேன்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "நீ எழுதினதை எல்லாரும் படிச்சாங்க. சொன்னதை நான் ஒருத்தன்தான் கேட்டேன்."

அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. விமானத்திலும் இல்லை. மகளுக்குக் கல்யாணம் செய்து, முட்டி தேய்ந்து, இந்த அடுக்ககத்தில் மூன்றாவது மாடிக்கு வந்த பிறகும் இல்லை. செயலாளர் காணொளியைக் காட்டியபோதுதான் கிடைத்தது.

ஆகையால், ஆகஸ்ட் பதினைந்து அன்று எனக்குக் கொடியேற்றத் தகுதி உண்டோ இல்லையோ, ஃபிட்டர் என்ற முறையில் இதனால் சான்றளிக்கிறேன்: பன்னிரண்டு சைக்கிள்களும் கோபுரத்துக்கு ஒட்டகத்தின் மேல் வந்தன. இதற்கு முன் நான் கொடுத்த சான்று செல்லாது.